பார்சலில் ஏறாத சுறாக் கருவாடு

லண்டனில் இருக்கும் அக்காவின் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் பேத்திக்குப் பார்சல் கட்டுவதென்றால் இருபது வயதுக்காரிபோல ஓடித் திரிவார். சரக்குத்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் பத்திரிகைத் தாளில் மூன்று சுற்றுச் சுற்றிய சுறாக் கருவாடு. வீடியோவில் அதைப் பார்த்த பிள்ளை பதறிப்போய், "அம்மம்மா, சுறா மட்டும் வேண்டாம், இஞ்ச கிளினிக்கில சாப்பிடக் கூடாதெண்டு தாள் தந்திருக்கினம்" என்றாள். அம்மாவுக்கு வந்ததே கோபம். "உவையளுக்கு என்ன தெரியும்? சுறா வறை திண்டுதான் நான் உன்ர அம்மாவுக்குப் பால் குடுத்தனான்!"

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக இந்தச் சண்டைக்கு என்னை நடுவராக்கினார்கள். தாளில் இருந்தது உண்மைதான். இங்கிலாந்துச் சுகாதார சேவை கர்ப்பிணிகளுக்குச் சுறா, வாள்மீன், மார்லின் மூன்றையும் வேண்டாம் என்கிறது, சூரைக்கு அளவு வைத்திருக்கிறது, காரணம் பாதரசம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அந்த ஒரு வரியை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான், கடலில் யாரும் கொட்டாத பாதரசம் ஏன் சுறாவின் சதையில் இருக்கிறது, அதே கடலில் பிடித்த நெத்தலியில் ஏன் இல்லாத மாதிரியே இருக்கிறது என்று இவ்வளவும் எழுத வேண்டி வந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாதரசம் என்றதும் நமக்கு நினைவு வருவது உடைந்த வெப்பமானியிலிருந்து சிமெந்து நிலத்தில் உருண்டோடும் வெள்ளி மணிகள். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு இரசம் என்று பெயர், சோற்றுக்கு விடும் ரசத்தோடு சேர்த்து வகுப்பில் பகிடி விடாத பிள்ளை கிடையாது. அந்த உலோகப் பாதரசத்தைத் தெரியாமல் விழுங்கினாலும் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, வந்த வழியே போய்விடும். ஆவியாகி மூச்சோடு உள்ளே போனால்தான் கெடுதல், சுவாசப்பை அதில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்த மருத்துவத்தில் வரும் லிங்கம் வேறு வகை, கந்தகத்தோடு சேர்ந்த சேர்மம். மீனில் இருப்பது இவை இரண்டும் இல்லாத மூன்றாவது ஆள், மெதைல் பாதரசம். ஒரு பாதரச அணுவோடு ஒரு காபனும் மூன்று ஐதரசனும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் சாப்பாட்டோடு போனால் 95 வீதம் இரத்தத்தில் ஏறிவிடும்.

சரி, அது கடலுக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் வானத்தால்தான். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2015ஆம் ஆண்டில் மனிதர்கள் காற்றுக்குள் விட்ட பாதரசம் ஏறத்தாழ 2,220 தொன். அதில் 38 வீதம் சிறு அளவில் தங்கம் தோண்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. மண்ணில் கலந்த தங்கத் தூளைப் பாதரசம் கவ்விப் பிடிக்கும், பிறகு நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் பறந்து தங்கம் மிஞ்சும். பாதரசம் பட்ட தங்கம் வெள்ளையாகிவிடும் என்பது எங்கள் ஊர்த் தட்டாரைக் கேட்டாலே தெரியும், அதே வித்தையைத்தான் தென்னமெரிக்கக் காட்டிலும் ஆபிரிக்காவிலும் இலட்சக்கணக்கானோர் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்கள். அடுத்த பெரும் பங்கு நிலக்கரி. நிலக்கரியில் பாதரசம் துளியிலும் துளிதான், ஆனால் எரிப்பது கோடிக் கணக்கான தொன். புத்தளத்துக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது, வீட்டில் லைட் போடும்போது அந்தக் கணக்கில் எங்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

பாதரச ஆவி காற்றில் மாதக் கணக்கில் சுற்றும். அதனால் எந்த நாட்டில் எரித்தது எந்த நாட்டுக் கடலில் மழையோடு விழும் என்று சொல்ல முடியாது. தொழிற்புரட்சிக்குப் பிறகு உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரில் பாதரசம் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பக்கத்தில் கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்ததும், பாதரசக் கழிவு வெளியே வந்த பிரச்சினையில் 2001இல் அது மூடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த மலைச்சரிவின் தண்ணீர் பாம்பாறு வழியாக வைகைக்குப் போகிறது, வைகை முடிவது பாக்குநீரிணைப் பக்கம். வரைபடத்தில் கோடு போட்டு அந்தப் பாதரசம்தான் இங்கே வந்தது என்று எழுதிவிட ஆசை வரும், ஆனால் வைகை பாதி நாள் கடலையே எட்டாத ஆறு. அது போக, ஒரு தொழிற்சாலையைக் காட்டிக் கைகழுவிவிட முடியாத அளவுக்கு இந்தச் சரக்கு உலகம் முழுவதும் பறந்து திரிகிறது.

ஆனால் விழுவது மெதைல் பாதரசம் இல்லை. சாதாரண, உயிர்களுக்குள் எளிதில் ஏறாத பாதரசம்தான் விழுகிறது. அதை விஷமாக மாற்றும் வேலை சேற்றுக்குள் நடக்கிறது, இந்த முழுக் கதையிலும் எனக்கு அதிகம் பிடித்த இடமும் இதுதான்.

காக்கைதீவுப் பக்கம் வற்று நேரத்தில் கடனீரேரிச் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். மேலே ஒரு விரல் தடிப்புக்கு மண்நிறம், கீழே கரிக்கறுப்பு, கிளறினால் கூழ்முட்டை நாற்றம். கீழே ஒட்சிசன் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேற்றை வைத்துச் சுவாசிக்கின்றன, மிச்சமாக ஐதரசன் சல்பைட்டை விடுகின்றன, அதுதான் மணக்கிறது. இப்படிப்பட்ட பற்றீரியாக்களில் ஒரு பகுதிதான் பாதரசத்தோடு மெதைல் கூட்டத்தை, அதாவது அந்த ஒரு காபனையும் மூன்று ஐதரசனையும், ஒட்டிவிடுகின்றன. குளத்துச் சேற்றில் நுண்ணுயிர்கள் இதைச் செய்கின்றன என்று சுவீடனில் ஜென்சனும் ஜெர்னலோவும் 1969இல் காட்டினார்கள். எந்த மரபணுவால் செய்கின்றன என்று கண்டுபிடிக்க மேலும் 44 வருடம் பிடித்தது. 2013இல்தான் இரண்டு மரபணுக்கள் அகப்பட்டன, அவை இரண்டும் இருந்தால் அந்த நுண்ணுயிர் பாதரசத்தை மெதைல் ஆக்கும், ஒன்றை எடுத்துவிட்டாலும் வேலை நின்றுவிடும். பிறகு தேடிப் பார்த்தால் இரும்பை வைத்துச் சுவாசிக்கும் பற்றீரியாவிலும், வயல் சேற்றில் மெதேன் விடும் நுண்ணுயிரிலும் அதே சோடி இருக்கிறது. இவை ஏன் இப்படிச் செய்கின்றன, அவற்றுக்கு இதனால் என்ன இலாபம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த பதில் இல்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் கண்டற்காடும் சாதாழையும் கறுப்புச் சேறும் உள்ள எங்கள் கடனீரேரி விஷத் தொழிற்சாலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சல்பேற்று ஓரளவு இருந்தால் இந்த வேலை மும்முரமாக நடக்கும், மிதமிஞ்சிப் போய் சல்பைட்டு நிரம்பிவிட்டால் அதுவே பாதரசத்தைப் பிடித்து உறைய வைத்துவிடும், பற்றீரியாவுக்குக் கைக்கெட்டாது. அது மட்டும் இல்லை, தெளிந்த ஆழமில்லாத நீரில் வெயில் மெதைல் பாதரசத்தை உடைத்துப் போடுகிறது, எங்கள் கடனீரேரியில் இடுப்பளவுத் தண்ணீரும் நாள் முழுக்க வெயிலும். உண்டாவதும் அழிவதும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடக்கின்றன, மீனுக்குள் போவது இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது.

ஆழ்கடலிலோ சேறே வேண்டியதில்லை. மேலிருந்து செத்து விழும் நுண்பாசிகள் சில நூறு மீற்றர் ஆழத்தில் அழுகி அங்குள்ள ஒட்சிசனைத் தின்று தீர்க்கின்றன, அந்த இருட்டு நீரிலும் மெதைல் பாதரசம் உண்டாகிறது. ஹவாய்க்குப் பக்கத்தில் பிடித்த மீன்களின் பாதரச ஓரிடத்தான்களை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, அங்கே மீன்களுக்குள் போகும் மெதைல் பாதரசத்தில் 80 வீதம் வரை மேற்பரப்புக்குக் கீழே ஆழத்தில் உண்டானது என்றது. வெயில் பட்டுச் சிதைந்த பாதரசத்தின் கைரேகை வேறு, படாததன் கைரேகை வேறு, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆழத்தில் இறங்கி இரை தேடும் வாள்மீனிலும் பெருங்கண் சூரையிலும் பாதரசம் கூட இருப்பது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன வாள்மீன் பாதரசம் எல்லைமீறிவிட்டது என்று துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்ட சம்பவங்கள் உண்டு, அங்கே பெரிய வேட்டை மீன்களுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது எல்லை.

இனி ஏணி. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதைவிடப் பெரியது அதைத் தின்னும், ஒவ்வொரு படியிலும் பாதரசம் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் நானே கரும்பலகையில் முக்கோணம் போட்டுப் படிப்பித்திருக்கிறேன். அந்தப் படத்தில் ஒரு பெரிய விஷயம் விடுபட்டுப் போகிறது. ஏணியின் மிகப் பெரிய எட்டு மேலே சுறா சூரையைத் தின்னும் இடத்தில் இல்லை, அடியில், கண்ணுக்குத் தெரியாத பிளாந்தன் பாசி தண்ணீரிலிருந்து பாதரசத்தை உறிஞ்சும் இடத்தில் இருக்கிறது. அந்த ஒரே எட்டில் செறிவு பத்தாயிரம் மடங்கிலிருந்து பத்து இலட்சம் மடங்கு வரை ஏறிவிடும். அதன்பிறகு ஒவ்வொரு படியிலும் இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு, கூடிப்போனால் பத்து மடங்கு. அதனால்தான் தண்ணீரைச் சோதித்தால் ஒன்றுமே இல்லாத மாதிரிக் காட்டும், குடித்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அதே தண்ணீரில் வளர்ந்த பெரிய மீனில் எல்லைமீறி நிற்கும். சுன்னாகத்தில் கிணற்றில் எண்ணெய் கலந்தபோது வாளியை இழுத்ததுமே மணத்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஊரே திரண்டது. இதற்கு அப்படி ஒரு அறிகுறியும் கிடையாது.

மேலே ஏற ஏறக் கூடுவதற்குக் காரணம் அது வெளியே போகாததுதான். மெதைல் பாதரசம் புரதத்தில் உள்ள கந்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, ஆகவே அது தங்குவது சதையில். கொழுப்பில் சேரும் நஞ்சென்றால் தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சாப்பிடலாம், இதற்கு அந்த வழி இல்லை. அவித்தாலும் பொரித்தாலும் பழப்புளியில் ஊறப்போட்டாலும் அது புரதத்தோடேயே இருக்கும். கருவாடு போட்டால் தண்ணீர் வற்றி எடை பாதிக்குக் கீழே இறங்கும், பாதரசம் இறங்காது, ஆகவே கிராமுக்குக் கிராம் பார்த்தால் பச்சை மீனைவிடக் கருவாட்டில் கூட. அம்மாவின் பார்சலில் இருந்தது கருவாடு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல வருடமாக மீன்களைச் சோதித்துச் சராசரி வெளியிடுகிறது. எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில்: வாள்மீன் 0.995, சுறா 0.979, எங்கள் அறக்குளாவின் மெக்சிக்கோ வளைகுடா உறவு ஒன்றில் 0.73, கலவாய் 0.448, தெற்கில் கெலவல்லா என்று சொல்லும் மஞ்சட்செட்டைச் சூரை 0.354. அதே பட்டியலின் அடியில் நண்டு 0.065, கணவாய் 0.024, நெத்தலி 0.016, மத்தி இனம் 0.013, இறால் 0.009. அவை அங்கே பிடித்த மீன்கள், இலக்கங்கள் இங்கே அப்படியே பொருந்தாது, ஆனால் வரிசை மாறாது. சுறாவுக்கும் மத்திக்கும் நடுவில் எழுபத்தைந்து மடங்கு.

பாசையூர்ச் சந்தை விலைப்பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால் ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான் வரும். மலிந்து கிடக்கும் சூடையும் நெத்தலியும் கீரியும் பிளாந்தனைத் தின்று ஒரு வருடம் இரண்டு வருடம் வாழ்ந்து முடிப்பவை, ஓராவோ சாதாழையையும் பாசியையும் மேய்கிற சைவப் பிராணி. விருந்தாளி வந்தால் வாங்கும் அறக்குளாவும் கலவாயும் சீலாவும் வேட்டைக்காரர்கள். ஒடியற்கூழுக்குள் போடும் நண்டு, இறால், கணவாய், சின்ன மீன் எல்லாம் ஏணியின் கீழ்ப்படிக்காரர்கள், இதில் எங்கள் ஆச்சிமாருக்கு முழுப் புள்ளி.

இதையெல்லாம் உலகம் கற்றுக்கொண்டது மினமாட்டாவில். யப்பானில் ஒரு சின்னக் குடா, மீன்பிடிக் கிராமங்கள், நடுவில் சிசோ என்ற நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை. அசற்றல்டிகைட்டு என்ற இரசாயனத்தைச் செய்வதற்குப் பாதரசத்தை ஊக்கியாகப் போட்டு 1932 முதல் 1968 வரை கழிவைக் குடாவுக்குள் விட்டார்கள். இங்கே சேற்றுப் பற்றீரியாவுக்கு வேலையே இல்லை, தொழிற்சாலைக்குள்ளேயே மெதைல் பாதரசம் உண்டாகிக் குழாயால் வந்தது. முதலில் பூனைகள். மீன் கழிவு தின்ற பூனைகள் தள்ளாடிச் சுழன்று கடலுக்குள் விழுந்தன, சனங்கள் அதைப் பூனை நடனம் என்றார்கள். பிறகு பிள்ளைகள். 1956 மே 1ஆம் தேதி, காரணம் தெரியாத மூளை நோய் என்று தொழிற்சாலையின் சொந்த வைத்தியசாலையே அறிவித்தது. 1959இல் அந்த வைத்தியசாலை டொக்டர் ஹோசோகவா தொழிற்சாலைக் கழிவைத் தீனியில் கலந்து 400ஆம் இலக்கப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார், பூனைக்கு அதே நோய். நிறுவனம் அந்த முடிவை மூடி வைத்தது, கழிவு இன்னும் ஒன்பது வருடம் போய்க்கொண்டிருந்தது. நஞ்சேறிய மீன் வெளியே போகாமல் குடாவின் வாயில் 1974இல் போட்ட வலையை 1997இல்தான் கழற்றினார்கள்.

அங்கே நடந்த எல்லாவற்றிலும் எங்கள் வீட்டுச் சண்டைக்கு நேராக வந்து நிற்பது பிறவி நோய்ப் பிள்ளைகளின் கதை. நஞ்சுக்கொடி என்பது தாயின் நஞ்சைப் பிள்ளைக்குப் போகவிடாத வேலி என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. ஆனால் மினமாட்டாவில் தாய்க்கு இலேசான விறைப்பு, சிலருக்கு அதுவும் இல்லை, பிறந்த பிள்ளையோ கழுத்து நிற்காமல், பேச்சு வராமல். மெதைல் பாதரசம் சிஸ்ரீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் உடம்புக்குத் தேவையான மெதியோனீன் மாதிரியே தோற்றம் வந்துவிடும், நஞ்சுக்கொடியும் மூளையின் காவலும் ஆள் தெரிந்தவர் என்று கதவைத் திறந்து விட்டுவிடுகின்றன. பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தில் அது தாயின் இரத்தத்தைவிட சராசரி 1.7 மடங்கு. யப்பானியர் தொப்புள்கொடித் துண்டைக் காயவைத்துச் சிறு பெட்டியில் பாதுகாப்பார்கள், எங்களிலும் சிலர் தாயத்துக்குள் போட்டுக் கட்டுவது போல. ஹரதா என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய் அந்தத் துண்டுகளை வாங்கிச் சோதிப்பித்தார். எந்த வருடம் பிறந்த பிள்ளையின் கொடியில் எவ்வளவு என்று பார்த்தால் தொழிற்சாலையின் உற்பத்திக் கணக்கோடு ஏறி இறங்கியது. தாய்மார் எடுத்து வைத்த பெட்டிகளே சாட்சி சொல்லின.

ஆனால் மினமாட்டா எங்கள் நிலைமை இல்லை, ஈராக்கும் இல்லை (அங்கே 1971-72இல் பூஞ்சணம் பிடிக்காமல் மெதைல் பாதரசம் தடவிய விதைக் கோதுமையை மாவாக்கி ரொட்டி சுட்டுத் தின்று 459 பேர் வைத்தியசாலைகளில் இறந்தார்கள், மூட்டையில் எச்சரிக்கை இருந்தது, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்). கேள்வி அதைவிட நுணுக்கமானது. யாரும் எதையும் கொட்டாத கடலில், வாரத்தில் ஐந்தாறு நாள் மீன் சாப்பிடும் ஊரில், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் பாதரசம் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது செய்கிறதா?

இதற்கு இரண்டு தீவுகள் இரண்டு பதில் சொல்லின. வட அத்லாந்திக்கில் பரோ தீவுகளில் 1986-87இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஏழு வயதில், தாய்க்குப் பாதரசம் கூட இருந்த பிள்ளைகளுக்கு மொழி, கவனம், ஞாபகம் ஆகியவற்றில் சிறிய பின்னடைவு தெரிந்தது. இந்துசமுத்திரத்தில், எங்களைப் போலவே மீனில் வாழும் சீசெல்ஸ் தீவில் 1989இல் தொடங்கிய ஆய்வில் எழுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். தாய்மார் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிடுகிறவர்கள், அவர்களுடைய தலைமயிரில் பாதரசம் தாராளமாக இருந்தது, ஆனால் பிள்ளைகளில் நிலையான பாதிப்பு ஒன்றும் அகப்படவில்லை. வருடக் கணக்கில் இரு தரப்பும் மல்லுக்கட்டினார்கள். வித்தியாசத்துக்கு ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்படுவது கறிச்சட்டி. பரோவில் பாதரசம் வந்தது பெரும்பாலும் திமிங்கில இறைச்சியிலிருந்து, இடைக்கிடை ஒரே நேரத்தில் நிறைய, அதோடு வேறு இரசாயன நஞ்சுகளும். சீசெல்ஸில் சாதாரண கடல் மீன், தினமும் கொஞ்சம், அதோடு மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் செலனியமும். மீன் ஒரு கையால் எடுப்பதை மறு கையால் கொடுத்துவிடுகிறது. கடைசியில் 2008இல் பரோவின் மருத்துவ அதிகாரிகள் திமிங்கில இறைச்சி மனிதர் சாப்பிட உகந்ததில்லை என்று சொன்னார்கள், மீனை நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு இதில் பரோ ஆய்வைவிட சீசெல்ஸ்தான் எங்கள் வாழ்க்கைக்குக் கிட்ட வருகிறது என்று படுகிறது. மீனுக்குப் பயந்து கர்ப்பிணிகளுக்கு மீனே கொடுக்காமல் விடுவது இதைவிடப் பெரிய பிழை.

இனிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு, வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்து வாரத்துக்கு உடல் எடை கிலோவுக்கு 1.6 மைக்கிரோகிராம் என்று 2003இல் எல்லை போட்டது. எங்கள் பிள்ளைக்கு 55 கிலோ என்று வைத்தால் வாரத்துக்கு 88. மேலே சொன்ன சராசரிச் சுறாவில் அது 90 கிராமில் முடிந்துவிடும், ஒரு சின்ன வறைக்கும் காணாது. சூரையில் கால் கிலோ. மத்தியிலோ ஆறரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும், அவ்வளவு சூடையை வாரத்தில் தின்னக்கூடிய கர்ப்பிணியை நான் இன்னும் காணவில்லை.

அம்மாவுக்கும் நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முதலாவது, அவர் வாங்குவது பால்சுறா. அது ஒரு மீற்றர் அளவில் நின்றுவிடும் சின்ன இனம், சின்ன மீனும் கணவாயும் தின்கிறது. பத்துப் பதினைந்து வருடம் வாழ்ந்த பெரும் சுறாவின் இலக்கத்தை அதன் தலையில் கட்ட முடியாது. இரண்டாவது, எங்கள் வழக்கத்தில் சுறா வருவது பிள்ளை பிறந்த பிறகு, பத்தியச் சாப்பாட்டில், பால் சுரக்க என்று. மெதைல் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகப் போகும் அளவுக்குத் தாய்ப்பாலில் போவதில்லை. லண்டன் தாளிலும் பால் கொடுக்கும் தாய்மாருக்கு வாரத்தில் ஒரு வேளை என்று தளர்த்தித்தான் இருக்கிறது. ஆகக் கெட்ட காலம் கர்ப்ப காலமும் அதற்கு முந்தின சில மாதங்களும்தான், ஏனென்றால் உடம்பில் ஏறிய மெதைல் பாதரசம் பாதியாகக் குறைய ஐம்பது நாள் அளவில் எடுக்கும். இன்று சாப்பிட்ட சுறா நூறு நாள் கழித்தும் காற்பங்கு உள்ளே இருக்கும். அம்மாவின் பிழை பத்தியத்தில் இல்லை, பிள்ளை பிறக்க நாலு மாதம் முந்தியே பார்சல் கட்டியதில்தான்.

"அப்ப நாங்களெல்லாம் தின்னேல்லையோ, உங்களுக்கென்ன மூளை குறைஞ்சே போச்சு?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் சபையில் சொல்லக்கூடிய பதில் இல்லை. பரோவில் கண்ட பின்னடைவு ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லக்கூடியதே இல்லை, ஆயிரம் பேரைச் சேர்த்துச் சோதித்தால்தான் சராசரி கொஞ்சம் இறங்கியிருப்பது தெரியும். நான் கணக்கில் இன்னும் பத்துப் புள்ளி கூட எடுத்திருப்பேனா என்று யாரால் சொல்ல முடியும்.

பாதரசத்தை வெளியே விடுவது நின்றால் மீன் தேறுமா என்பதற்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கனடாவில் ஒரு சிறு ஏரியை ஆய்வுக்கென்றே ஒதுக்கி, 2001 முதல் ஏழு வருடம் அடையாளம் வைத்த பாதரச ஓரிடத்தான்களைப் போட்டார்கள், ஏரிக்கு ஒன்று, சுற்றியுள்ள காட்டுக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று என்று வெவ்வேறாக. பிறகு நிறுத்திவிட்டு எட்டு வருடம் பார்த்தார்கள். வெண்மீன், பைக் போன்ற பெரிய மீன்களில் மெதைல் பாதரசம் 38 முதல் 76 வீதம் வரை குறைந்தது. முழுக்கக் குறையாததற்குக் காரணம், கிழடுகள் சாகும்வரை பழைய பாதரசம் அவற்றுக்குள்ளேயே இருக்கும். காட்டில் போட்டதில் ஏரி மீனுக்கு வந்தது சொற்பம், மண் பிடித்து வைத்துக்கொண்டுவிட்டது, அது எப்போது மெல்ல விடும் என்பது வேறு கதை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அதில் இருக்கிறது. ஏரியில் எட்டு வருடத்தில் நடந்தது ஆழ்கடலில் எட்டு வருடத்தில் நடக்காது, அங்கே கணக்கு தலைமுறையில்.

கடைசியில் பார்சலில் சுறா ஏறவில்லை. அதற்குப் பதில் தலை கிள்ளிய நெத்தலிக் கருவாடு ஒரு கிலோ போனது, அம்மா அதை முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். சுறாவை ஐப்பசியில் பிள்ளை பிறந்த பிறகு அனுப்புவதாகத் தீர்ப்பு, அதுவும் சின்னச் சுறாவாக இருந்தால் மட்டும். போன சனிக்கிழமை அம்மாவோடு பாசையூருக்குப் போனேன். கூடையில் கிடந்த சுறாவைக் காட்டி, "தம்பி, உது எவ்வளவு நீளம் வரும்?" என்று கேட்டார். மீன் விற்கும் பொடியன் ஒருக்கா என்னைப் பார்த்தான், ஒருக்கா அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, நாங்கள் மீனை நிறுத்துத்தான் விக்கிறனாங்கள், அளந்து விக்கிறேல்லை."